நம் ஊருக்கு வராத ஃப்ரண்ட்

நங்கநல்லூரில் பாதி வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வந்தால், சௌக்கியமா, சாப்பிட்டாச்சா என்பதற்கு அடுத்தபடியாக வருவது வெதர் சமாசாரம்தான். "நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு கோல்ட் ஃப்ரண்ட் வரதுப்பா. சாயங்காலத்துக்குள்ள இருபது டிகிரி இறங்கிடும்" என்று நியூ ஜெர்சியிலிருந்து தகவல் வரும். மறுநாள் அப்படியே நடக்கவும் நடக்கும். போனை வைத்தவுடன் இங்கே பெரியவர்கள் சொல்லிக்கொள்வது: "அங்கே மணி சொல்லி அடிக்கிறான். இங்கே பாரு, ஒரு சில இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்கிறான். எந்த இடம், எத்தனை மணி, ஒண்ணும் கிடையாது."

இந்த அங்கலாய்ப்பு நியாயமில்லை என்பது என் கட்சி. அவர்கள் மணி சொல்லி அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம்மால் முடியாததற்கும் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் பின்னால் நூறு வருஷத்துக் கதை ஒன்று உண்டு. அதில் நார்வே வருகிறது, முதல் உலகப் போர் வருகிறது, நுங்கம்பாக்கம் வருகிறது, நம் பரங்கிமலை பீரங்கிகூட வருகிறது.

ஃப்ரண்ட் என்றால் என்ன

தமிழில் வளிமுகம் என்று சொல்லலாம். குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் பெரிய பெரிய திரளாக எதிர்ப்பட்டால் உடனே கலந்துவிடுவதில்லை. எண்ணெயும் தண்ணீரும் போல அவற்றுக்கு நடுவே ஒரு எல்லை நிற்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த எல்லை ஓடும். அதுதான் ஃப்ரண்ட்.

குளிர்ந்த காற்று கனமானது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் முதலில் காலில்தான் சில்லென்று படுகிறது அல்லவா, அது போலத் தரையோடு தரையாகத்தான் நகரும். வெதுவெதுப்பான காற்று இலேசானது, மேலே ஏறும். ஏறும் காற்று குளிரும். குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் மேகமாகி மழையாகும். எந்தக் காற்று எந்தக் காற்றைத் தள்ளுகிறது என்பதை வைத்து நாலு வகை சொல்கிறார்கள்.

குளிர்ந்த காற்று முன்னேறி வெதுவெதுப்பான காற்றைத் தள்ளினால் அது குளிர்முகம், அதாவது கோல்ட் ஃப்ரண்ட். ஆப்பு அடிப்பது போலக் குளிர்காற்று அடியில் நுழைந்து மற்றதை வேகமாக மேலே எத்திவிடும். அதனால் இடி, மின்னல், கொட்டும் மழை எல்லாம் ஒரு குறுகிய பட்டையில் வந்து, கொஞ்ச நேரத்தில் கடந்து போய்விடும். பிறகு வானம் பளிச்சென்று இருக்கும், குளிர் இறங்கிவிடும்.

வெதுவெதுப்பான காற்று முன்னேறிக் குளிர்காற்றின் முதுகில் ஏறினால் அது வெப்பமுகம், வார்ம் ஃப்ரண்ட். இந்த ஏற்றம் மிகவும் சாய்வானது. 150, 200 கிலோமீட்டர் போனால்தான் ஒரு கிலோமீட்டர் உயரம். ஆகையால் மழைக்கு ஒரு நாள் முன்பே வெகு உயரத்தில் பஞ்சிழை போன்ற மேகம் தெரியும். பிறகு மேகம் தடித்துக்கொண்டே இறங்கிவந்து, கடைசியில் மணிக்கணக்காகச் சிணுங்கும் மழை பெய்யும். லண்டன் மழை என்று நாவல்களில் படிக்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்த வகை.

இரண்டு பக்கமும் சம பலம் என்றால் எல்லை நகராது. அது நிலைமுகம். இரண்டு மூன்று நாள் ஒரே ஊரில் மழை நின்று பெய்வதற்கு அது காரணமாகும். நாலாவதுதான் சுவாரசியமானது. குளிர்முகம் பொதுவாக வெப்பமுகத்தைவிட வேகமாக நடக்கும். பின்னால் வந்த அது முன்னால் போன வெப்பமுகத்தை எட்டிப் பிடித்துவிட்டால், நடுவில் இருந்த வெதுவெதுப்பான காற்று முழுவதும் தரையைவிட்டு மேலே தூக்கப்படும். அதற்கு ஆக்லூடட் ஃப்ரண்ட் என்று பெயர். அடைபட்ட முகம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே புயல் தன் இளமையை முடித்துக்கொண்டு ஓயத் தொடங்குகிறது.

போர்க்களத்திலிருந்து வந்த சொல்

இவ்வளவும் இன்று பள்ளிப் பாடம். ஆனால் 1918-க்கு முன்பு உலகத்தில் யாருக்கும் இப்படித் தெளிவாகத் தெரியாது.

முதல் உலகப் போரில் நார்வே நடுநிலை நாடு. ஆனாலும் மாட்டிக்கொண்டது. வானிலைத் தகவல் ராணுவ ரகசியம் ஆகிவிட்டதால் பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த தந்திகள் நின்றுபோயின. நார்வேக்குப் புயல் வருவது மேற்கே அட்லாண்டிக் பக்கமிருந்துதான். அந்தப் பக்கத்துக் கண்ணே போய்விட்டது. உணவு இறக்குமதியும் குறைந்துவிட்டது. மீன்பிடிப்பவர்களும் விவசாயிகளும் வானத்தை நம்பித்தான் நாட்டுக்குச் சோறு போட வேண்டும்.

அந்த நேரத்தில், 1917-ல், வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற பேராசிரியர் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து நார்வேயின் பெர்கன் நகருக்கு வந்துசேர்ந்தார். வெளிநாட்டுத் தந்தி இல்லாவிட்டால் என்ன, நம் கரையிலேயே நெருக்கமாக ஆட்களை வைப்போம் என்று முடிவு செய்தார். மேற்குக் கரை நெடுக வானிலைப் பதிவு நிலையங்கள் பல மடங்கு ஆயின. அவருடைய வீட்டு மாடியே வானிலை ஆபீஸ் ஆயிற்று.

முன்பு நூறு மைலுக்கு ஒரு புள்ளி என்று இருந்த வரைபடத்தில் இப்போது புள்ளிகள் நெருங்கி விழுந்தன. அதைப் பார்த்த பேராசிரியரின் மகன் யாக்கப் பியர்க்னெஸ் ஒன்றைக் கவனித்தார். புயலுக்குள் காற்றும் வெப்பமும் சீராக மாறவில்லை. இரண்டு கோடுகளில் படக்கென்று மாறுகின்றன. அவர் எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரை 1919-ல் வெளிவந்தது. எழுதியபோது அவருக்கு வயது 21. அவரோடு இருந்த ஹால்வர் சூல்பெர்க், டோர் பெர்யரோன் இருவரும் சேர்ந்து அதை முழுச் சித்திரம் ஆக்கினார்கள். அடைபட்ட முகத்தைக் கண்டுபிடித்தவர் பெர்யரோன்.

பெயர் வைப்பதற்கு அவர்கள் வெகுதூரம் போகவில்லை. நாலு வருஷமாகப் பத்திரிகையைத் திறந்தால் மேற்கு ஃப்ரண்ட், கிழக்கு ஃப்ரண்ட் என்ற செய்திதான். இரண்டு படைகள் எதிரெதிரே நின்று, ஒரு நாள் இது முன்னேறி, ஒரு நாள் அது முன்னேறி நடந்த சண்டை. வானத்திலும் அதேதான் நடக்கிறது என்று அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் என்ன லாபம் என்றால், புயலுக்கு ஒரு கால அட்டவணை கிடைத்தது. ஃப்ரண்ட் இன்று காலை எந்த ஊரைத் தாண்டியது, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று தெரிந்தால், நம் ஊருக்கு எப்போது வரும் என்பது ரயில் கணக்கு. திருச்சி தாண்டிவிட்டது என்றால் எழும்பூருக்கு எத்தனை மணிக்கு என்று நாம் சொல்லமாட்டோமா, அது மாதிரி. நியூ ஜெர்சிக்கு மூன்று மணிக்கு என்று சொல்ல முடிவதன் ரகசியம் இதுதான். கம்ப்யூட்டரும் சாட்டிலைட்டும் பிற்பாடு வந்து கணக்கைக் கூர்மையாக்கின.

அதே 1918 நவம்பரில் நம் மதராஸில் என்ன நடந்தது தெரியுமா? அந்த ஒரு மாதத்தில் மட்டும் 108 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் ஊரின் முழு வருஷ சராசரியே 140 சென்டிமீட்டர் அளவுதான். அந்த மழைக்கு எந்த ஃப்ரண்டும் காரணமில்லை.

நுங்கம்பாக்கத்து மழைக்கணக்கு

வானத்தைப் பதிவு செய்யும் விஷயத்தில் மதராஸ் யாருக்கும் பின்தங்கியதில்லை. பார்க்கப்போனால் நார்வேக்காரர்களுக்கு வெகு மூத்தவர்கள் நாம். கம்பெனி காலத்தில், 1792-ல், நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் கட்டி முடித்தார்கள். கட்டியவர் மைக்கேல் டாப்பிங். கல்லூரிச் சாலையில் இன்றைக்கு மண்டல வானிலை மையம் இருக்கும் அதே வளாகம்தான். அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இப்போதும் அங்கே நிற்கிறது, தமிழ் எழுத்தோடு. 1796 முதல் ஜான் கோல்டிங்ஹாம் வானிலைப் பதிவேடு வைக்க ஆரம்பித்தார்.

அந்த கோல்டிங்ஹாம் செய்த ஒரு சோதனை நம் பேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கும். கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது அப்போது வழக்கம். நுங்கம்பாக்கத்தில் இருந்துகொண்டு, பரங்கிமலையில் வெளிச்சம் தெரிந்ததற்கும் சத்தம் வந்து சேர்ந்ததற்கும் எத்தனை நொடி என்று மாதக்கணக்கில் குறித்துவைத்தார். தூரம் சுமார் 9 கிலோமீட்டர், ஆகவே சுமார் 26 நொடி. இந்த ஆராய்ச்சி 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அவர் கண்டது, குளிர்ந்த மாதங்களில் சத்தம் சற்று மெதுவாகவும் வெயில் மாதங்களில் சற்று வேகமாகவும் வருகிறது என்பது. காற்று என்றால் எல்லாம் ஒரே காற்று அல்ல, சூடான காற்றின் குணம் வேறு, குளிர்ந்த காற்றின் குணம் வேறு என்பதை நம் மலை பீரங்கியை வைத்து அளந்துவிட்டார்.

மற்ற வேலைகள் கல்கத்தாவில் நடந்தன. சைக்ளோன் என்ற சொல்லையே 1848-ல் உண்டாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1864 அக்டோபரில் கல்கத்தாவையும், அடுத்த மாதமே மசூலிப்பட்டணத்தையும் புயல் அடித்துப் பல்லாயிரம் பேர் கடல் நீரில் போனார்கள். 1866-லும் 1871-லும் மழை பொய்த்தது. இவ்வளவு அடி வாங்கிய பிறகு 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏற்பட்டது. துறை ஏற்பட்ட மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம். நம் முன்னோர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். வானிலை என்பது நம் நாட்டில் பொழுதுபோக்குப் பேச்சாக இருந்ததே இல்லை.

மதராஸ் துறைமுகமும் தப்பவில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே 1881 நவம்பர் புயல் வந்து அலைதடுப்புச் சுவரை உடைத்துப் போட்டது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எத்தனை எண் என்று இன்றும் பேப்பரில் முதலில் தேடுகிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் இந்த அனுபவங்களில்தான் இருக்கிறது.

இங்கே ஃப்ரண்ட் தேடியவர்கள்

பெர்கன்காரர்களின் கண்டுபிடிப்பு 1920-களில் உலகம் முழுக்கப் பரவியது. இந்திய வானிலைத் துறையில் இருந்தவர்களுக்கும் ஆசை வந்தது இயற்கைதான். வங்காள விரிகுடாப் புயலுக்குள்ளும் அப்படி இரண்டு கோடுகள் இருக்குமா என்று தேடினார்கள். 1930-ல் எஸ்.சி. ராய், ஏ.கே. ராய் இருவரும் இந்தியக் கடல்களின் புயல்களைப் பற்றி எழுதினார்கள். 1933-ல் கே.ஆர். ராமநாதனும் கே.பி. ராமகிருஷ்ணனும் தென்மேற்குப் பருவக்காற்றின் தாழ்வு மண்டலங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். வடக்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று என்று காற்றைத் திரள் திரளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இப்படி வந்தது.

ராமநாதன் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். நம் மாநிலக் கல்லூரியில் படித்தவர். சி.வி. ராமனோடு வேலை செய்துவிட்டு 1925-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். பலூன் விட்டு எடுத்த கணக்குகளைக் கொண்டு 1929-ல் அவர் சொன்ன செய்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நம் வளிமண்டலத்தில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேலே இல்லை, பூமத்தியரேகைப் பக்கத்துக்கு மேலே, 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தலைக்கு நேர் மேலே, கத்திரி வெயிலில் நாம் வெந்துகொண்டிருக்கும்போதுகூட, மைனஸ் 80 டிகிரி! மீனம்பாக்கத்திலிருந்து இன்றைக்கும் நாளுக்கு இரண்டு வேளை கருவி கட்டிய பலூன் விடுகிறார்கள். மொட்டை மாடியில் நிற்பவர்கள் கண்ணில் அது பட்டிருக்கலாம்.

இன்னொருவர் பி.ஆர். பிஷரோட்டி. கொல்லங்கோட்டில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் படித்து, 1932 முதல் சுமார் பத்து வருஷம் நம் லயோலா கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். பிறகு வானிலைத் துறைக்குப் போனார். மேல்படிப்புக்குக் கலிபோர்னியா சென்றபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர் யார் தெரியுமா? அதே யாக்கப் பியர்க்னெஸ். 1918-ல் பெர்கன் மாடியில் கோடு போட்ட பிள்ளை, இப்போது லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியர். நுங்கம்பாக்கத்து வாத்தியாரும் ஃப்ரண்டின் தகப்பனாரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள்.

திரும்பி வந்த பிஷரோட்டி, பி.என். தேசாயோடு சேர்ந்து 1956-ல் எழுதியது மேற்கத்தியக் கலக்கங்களைப் பற்றி. டெல்லியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து, காஷ்மீரில் பனியும் பஞ்சாபில் மழையும் கொடுத்து, பஞ்சாப் கோதுமையை வளர்ப்பது அதுதான். இந்தியாவில் பெர்கன் பாணி ஃப்ரண்டுக்கு உறவு என்று ஏதாவது இருந்தால் அந்த வடக்கத்தி விருந்தாளிதான். விந்தியம் தாண்டி நம்மிடம் வந்துசேர்வதற்குள் அதன் முனை மழுங்கிப்போகிறது. மார்கழி விடியலில் ஒரு சால்வை தேவைப்படுகிறதே, அந்த அளவுதான் நம் பங்கு.

ஏன் வருவதில்லை

காரணம் இரண்டு. முதலாவது, ஃப்ரண்டுக்கு வெப்ப வித்தியாசம் வேண்டும். ஜனவரியில் அமெரிக்காவின் மியாமிக்கும் மினியாபோலிஸுக்கும் சராசரி வெப்பத்தில் 30 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருக்கும். அதே மாதத்தில் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இரண்டு மூன்று டிகிரிகூட இருந்தால் அதிகம். சண்டை போட இரண்டு கட்சி வேண்டாமா?

இரண்டாவது, பூமியின் சுழற்சி. பூமி சுற்றுவதால் காற்று நேரே போகாமல் ஒதுங்கிப் போகிறது. இந்த ஒதுக்கும் விசை துருவத்தில் அதிகம், பூமத்தியரேகையில் பூஜ்யம். வடக்கே அந்த விசைதான் குளிர்காற்றையும் வெதுவெதுப்பான காற்றையும் கலந்துவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. நாம் இருப்பது 13 டிகிரியில். பிடி தளர்ந்த இடம். இங்கே வெப்ப வித்தியாசம் ஏற்பட்டாலும், தொட்டியில் தண்ணீர் மட்டமாவது போலச் சீக்கிரம் பரவிச் சமமாகிவிடும்.

நம் புயல்களே வேறு ஜாதி. வடக்கத்தி நாடுகளின் புயல், குளிருக்கும் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தின்று வாழ்கிறது. நம் புயலோ கடலின் சூட்டைத் தின்று வாழ்கிறது. கடல் நீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், ஏறும் ஆவி மேகமாகும்போது விடும் வெப்பமே அதற்கு இரை. அதனால் அது சக்கரம் போல வட்டமாக இருக்கும். கோடு போட இடமே இல்லை.

இது புரிய நாளாயிற்று. பூமத்தியரேகையை ஒட்டி இரண்டு அரைக்கோளத்துக் காற்றும் கூடும் பட்டைக்கு முதலில் வெப்பமண்டல இடை ஃப்ரண்ட் என்றுதான் பெயர் வைத்தார்கள். பிறகுதான், இங்கே சண்டை இல்லை, சேர்க்கைதான் நடக்கிறது என்று கண்டு, காற்று கூடும் மண்டலம் என்று பெயரை மாற்றினார்கள். 1954-ல் ஹெர்பர்ட் ரீல் வெப்பமண்டல வானிலைக்கு என்றே தனிப் புத்தகம் எழுதினார். சீமைப் பாடம் இங்கே செல்லாது என்று சீமைக்காரர்களே ஒப்புக்கொண்ட காலம் அது.

நம் பெரியவர்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள். தமிழில் காற்றுக்குத் திசை வாரியாகப் பெயர் உண்டு. கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள். கிழக்கிலிருந்து காற்று வந்தால் மழை என்று அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊரின் வருஷ மழையில் சுமார் 60 சதவீதம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது.

நம்முடைய சொந்த ஃப்ரண்ட்

அப்படியானால் சென்னையில் ஃப்ரண்ட் என்பதே கிடையாதா? உண்டு. சின்னதாக ஒன்று தினமும் வருகிறது. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் கடல்காற்று.

சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குத் தரை கொதிக்க ஆரம்பிக்கிறது. கடல் அவ்வளவு சுடாது. கடல் மேல் இருக்கும் குளிர்ந்த, கனமான காற்று ஆப்பு போலத் தரைக்காற்றின் அடியில் நுழைந்து உள்ளே நடக்கிறது. குளிர்முகம் என்று மேலே எழுதினேனே, அச்சு அசல் அதேதான். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் இல்லை, சில பத்து கிலோமீட்டர். முதலில் மயிலாப்பூர், அடையாறுக்காரர்களுக்குக் கிடைக்கும். கடற்கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்குக் கொஞ்சம் காத்திருந்தால் வரும். வந்தவுடன் கவனித்துப் பாருங்கள். மேற்கே பார்த்து ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் திரை சட்டென்று மறுபக்கம் திரும்பும், சில நிமிஷத்தில் சூடு குறையும், உடம்பில் பிசுபிசுப்பு ஏறும். பெர்கன்காரர்கள் ஃப்ரண்ட் கடப்பதற்குச் சொன்ன மூன்று அடையாளங்களும் ஈஸி சேரில் இருந்தபடியே கிடைக்கின்றன.

மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்றை உள்ளே விடாது. அன்றைக்கு நமக்கு அக்னிதான். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போனது. ஆடி, ஆவணியில் இன்னொரு வேடிக்கை. உள்ளே நுழைந்த கடல்காற்றும் மேல்காற்றும் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் முட்டிக்கொள்ளும். அங்கே காற்று மேலே எழும்பி இடிமேகம் உண்டாகும். அந்த மேகத்தை மேல்காற்று சாயங்காலம் நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வெப்பச்சலனத்தால் மழை என்று செய்தியில் சொல்வது பெரும்பாலும் இதுதான். துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002-ல் வைத்த டாப்ளர் ரேடாரில் இந்தக் கடல்காற்றின் முனை சில நாள் மெல்லிய கோடாகவே தெரியும்.

அந்தக் கோட்டில் எந்த இடத்தில் மேகம் வெடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது சோளம் பொரியும்போது எந்த மணி முதலில் வெடிக்கும் என்று சொல்வதற்குச் சமம். வெடிக்கும் என்பது நிச்சயம். எது என்பதுதான் தெரியாது. ஒரு சில இடங்களில் என்று அவர்கள் சொல்வது மழுப்பல் அல்ல, உள்ளதை உள்ளபடி சொல்வது.

2015 சொன்ன பாடம்

2015 நவம்பரில் சென்னையில் சுமார் 105 சென்டிமீட்டர் மழை. 1918-க்குப் பிறகு அவ்வளவு பெய்த நவம்பர் அதுதான். குளம், ஏரி எல்லாம் நிரம்பி நின்றபோது டிசம்பர் 1 வந்தது. மறுநாள் காலை வரையிலான கணக்கில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, தாம்பரத்தில் 49. மின்சார ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம்கூட இல்லாத தூரத்தில் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த வித்தியாசம் விழுந்த இடம்தான் அடையாற்றின் நீர்ப்பிடிப்பு. ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது. டிசம்பர் 2 காலையில் ஹிந்து பேப்பர் அச்சாகவில்லை, 1878-ல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது முதல் முறை. இங்கே எங்கள் தெருவில் கரெண்ட் இல்லாமல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், யார் வீட்டில் பால் பவுடர் இருக்கிறது என்று கதவு கதவாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பலத்த மழை வரும் என்று எச்சரிக்கை வராமல் இல்லை. அந்த நாட்களில் டிவியில் ரமணன் முகத்தைப் பார்க்காத வீடு கிடையாது. ஸ்கூல் பிள்ளைகள் லீவுக்காக அவரைக் கும்பிட்டார்கள், பெரியவர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் தாம்பரத்தில் 49 என்று முந்தின நாளே புள்ளி வைத்துச் சொல்வது அன்றைய வானிலை அறிவால் எந்த நாட்டிலும் முடிகிற காரியம் இல்லை.

கதையின் கடைசித் திருப்பம் இங்கேதான். 2015 பெரிய எல் நினோ வருஷம். பசிபிக் கடல் சூடானால் நம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் போக்கு உண்டு. இந்தியாவில் 1904 முதல் 1924 வரை வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய உலகத்து அழுத்தக் கணக்குகளையெல்லாம் ஒப்பிட்டு, பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் தராசுத் தட்டு போல ஏறி இறங்குகின்றன என்று கண்டார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1969-ல் அந்தத் தராசையும் எல் நினோவையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் யார்? மறுபடியும் யாக்கப் பியர்க்னெஸ்தான். அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயரும் வைத்தார். இளமையில் அவர் கண்ட ஃப்ரண்ட் நம் ஊருக்கு வரவில்லை. முதுமையில் அவர் கண்டது நம் ஊர் மழையை விளக்குகிறது.

ஆகையால் ரயில் மாதிரி நேரம் சொல்லி வரும் மழை நமக்கு விதிக்கப்படவில்லை. நமக்குச் சொல்லப்படுவதைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை என்றால் 12 முதல் 20. அதி கனமழை என்றால் அதற்கும் மேல். ஐப்பசி, கார்த்திகையில், ஏரிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது, அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கை என்று காதில் விழுந்தால் எந்தத் தெரு, எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பழவந்தாங்கல் சப்வே பக்கம் போக வேண்டாம். மாத்திரையைப் பத்து நாளுக்கு வாங்கி வையுங்கள். வீட்டுப் பத்திரம், பாஸ்புக், பென்ஷன் பேப்பர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றுங்கள். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் மாமா மாமிக்கு ஒரு போன் போட்டு, மாடிக்கு வந்துவிடச் சொல்லுங்கள். மழை நம் தெருவை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் பெய்தால் ரொம்ப சந்தோஷம், பரணிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதற்காக நுங்கம்பாக்கத்துக்காரர்களைத் திட்ட வேண்டாம்.